இல்லம்மா என்று சொன்னவள்

என் தம்பி பூமியின் ரத்தம் உறைய இருபது நிமிடம் ஆகும். எல்லோருடைய ரத்தத்துக்கும் அப்படித்தான். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அது தானாகக் கட்டியாகும்வரை சும்மா இருக்க வேண்டும், அவசரப்படுத்தினால் கெட்டுவிடும். பதினான்கு வருஷமாக இந்த அரசு ஆஸ்பத்திரி லேபில் இதைத்தான் செய்கிறேன். ஊசி குத்துவது, குழாயில் நம்பர் எழுதுவது, காத்திருப்பது. பத்து மணி பத்துக்கு எடுத்தேன். முப்பத்தேழாம் நம்பர், பூமிநாதன், வயது இருபத்தொன்பது. நம்பர் எழுதும்போது என் கை நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் கைதான் நடுங்கியது. முஷ்டியை மடக்குடா என்றேன், மடக்கினான், மடக்கிய விரல்களெல்லாம் தனித்தனியாக ஆடின. காலையில சாப்பிடலக்கா, அதான் என்றான். சரி என்றேன். அவன் சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய் இது. ஆறு வயசில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது என் தாவணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டவன், இன்றைக்கு ஊசி இறங்கும்போது முகத்தைக்கூடத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை விழி என்று ஒன்று இருக்குமே, அது இல்லை. இருந்த இடமெல்லாம் மஞ்சள்.

மஞ்சக்காமாலைதான்க்கா, வெளியூர்ல வேலைக்குப் போன இடத்துல ஹோட்டல் தண்ணி சரியில்ல, கூட வந்த ரெண்டு பேருக்கும் இதேதான் என்றான். இருக்கலாம். வைகாசி முகூர்த்தத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன் ஊர் ஊராகப் போகிறான், கிடைத்ததைச் சாப்பிடுகிறான், கண்ட தண்ணியைக் குடிக்கிறான். இருக்கலாம், இருக்கலாம் என்று நாலு தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன். சட்டைப் பித்தானுக்கு நடுவில் வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பதை நாலு தடவையும் பார்த்தேன். இந்த ஸ்டாண்டில் இப்போது நாற்பத்தொரு குழாய் இருக்கிறது. அதில் ஈரல் பார்க்கச் சொல்லி வந்தது பதினொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ வரும், ஐம்பது அறுபது வயசு ஆட்களாக இருப்பார்கள். இப்போது முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. சீட்டில் வயசைப் பார்க்கும்போது எழுத்து பிசகாக விழுந்திருக்கிறதோ என்று நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன். சரியாகத்தான் விழுந்திருக்கும். போன மாதம் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன், வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு, அந்த ஒரே ஊசியை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டு, ரத்தத்தில் கிருமி வந்துவிட்டது. அவன் அம்மா என்னிடம், இடுப்பு வலிக்குன்னு சொன்னான், நான்தாம்மா மெடிக்கல்ல வாங்கிட்டு வந்து கொடுத்தேன் என்றாள். அவளைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். இவ்வளவு தெரியாமலா ஒருத்தி இருப்பாள் என்றுகூட நினைத்தேன். அதை நினைத்த மனசு இதே மனசுதான். புருஷனின் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு, குடியாலயா மேடம் என்று கேட்கிற பெண்களிடம் நான் டாக்டர் சொல்வாங்க என்று சொல்லிவிடுவேன். விதி அப்படி. லேபில் இருப்பவர்கள் எதையும் சொல்லக்கூடாது. இந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

இருபது நிமிடம் ஆகிவிட்டது. குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் ஓரத்தில் ஓடுகிறது. இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும். அப்பா பஸ் கண்டக்டர். படியிலிருந்து விழுந்து அவர் போனபோது பூமிக்கு ஆறு, எனக்குப் பதினைந்து. அம்மா தையல் மெஷினோடு உட்கார்ந்துவிட்டாள், பூமி என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டான். ஆறு வயசுப் பிள்ளையை யார் இடுப்பில் தூக்குவார்கள், நான் தூக்கினேன். எங்கே தவறு என்று தேடினால் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. பாலிடெக்னிக் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது ஒரு வாடை வந்தது. லேபில் ஸ்பிரிட் மோந்து பழகிய மூக்கு எனக்கு. என்னடா இது என்றேன். பசங்க பார்ட்டிக்கா, என் மேல கொட்டிட்டாங்க என்றான். அம்மாவிடம் சொல்லாமல் அந்தச் சட்டையை நானே துவைத்துக் காயப்போட்டேன். அதுவாக இருக்குமோ. அன்றைக்கு அதை அப்படியே அம்மா மடியில் போட்டிருந்தால், அம்மா நாலு அறை அறைந்திருந்தால், எல்லாம் நின்றிருக்குமா, நின்றிருக்காது, யாருக்குத் தெரியும். அப்புறம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போனான். மண்டபத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களாம். காதுகுத்து, திருவிழா, பதினாறாம் நாள் காரியம், எதற்கும் இது இல்லாமல் இல்லை என்று ஆகிவிட்ட ஊரில் இவன் மட்டும் எப்படி. அம்மா இறந்த அன்று மயானத்திலிருந்து திரும்பியவர்கள், பாவம்டா நீ, உடம்பு அசதி போகும் என்று இவனுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரக்கப்பட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட மறுநாள் வரவில்லை. அவன் மட்டும் மறுநாளும் குடித்தான். அதற்கு அடுத்த நாளும்.

மேஜையில் போன் அதிர்ந்தது. ரஞ்சனி. எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புவரை நகர்ந்து நின்றது. இன்னும் பத்தொன்பது நாளில் அவளுக்கும் பூமிக்கும் கல்யாணம். பத்திரிகை பாதிப் பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. ஐப்பசியில் பெண் பார்க்கப் போனபோது எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, அவள் என்னை அடுக்களைப் பக்கம் வரச் சொன்னாள். டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா, எனக்கு வேற எதுவும் கேக்க வேணாம். வேலை எப்படியிருந்தாலும் பரவாயில்ல, நானும் ஸ்கூல்ல வேலை பாக்குறேன். அவர் குடிப்பாரா, அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. எங்க அப்பா குடிச்சே போயிட்டாங்க, நான் ஒன்பதாவது படிக்கிறப்போ. நான் சொன்னேன், இல்லம்மா. அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது. நிறுத்திட்டான்மா என்று சொல்லியிருக்கலாம். அப்போது அவன் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது, காலையில் எழுந்து பால் வாங்கி வந்தான். நிறுத்திட்டான்மா என்றால் அது பொய்யில்லை. ஆனால் அதுவும் பொய்தான், பெண் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் வாயில் கிராம்பு வாசம் வந்தது. பல் வலியாடா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், இல்லை என்றால் பிறகு எதற்குக் கிராம்பு என்று நான் கேட்க வேண்டிவரும். கேட்காமலே இருந்துவிட்டேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவான், பொறுப்பு வந்தால் மாறிவிடுவான், அந்தக் குழி விழுகிற சிரிப்பைப் பார்த்தால் எவனுக்கும் குடிக்கத் தோன்றாது. இப்படித்தான் அந்த வீட்டு வாசலில் செருப்பு போடும்போது நினைத்தேன். நான் சுமக்க முடியாததை அவள் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தேன். இருபத்தைந்து வயசுப் பெண். அது ஒன்றை மட்டும்தான் கேட்டாள்.

உறைந்துவிட்டது, கொஞ்சம் கொழகொழவென்று, ஆனாலும் உறைந்துவிட்டது. சுழற்றும் மெஷினில் எதிரெதிராகக் குழாய்களை வைத்து மூடினேன். பத்து நிமிடம் அது சுற்றும். விமானம் கிளம்புவது மாதிரி ஒரு சத்தம் மெல்ல ஏறும், பிறகு அது காதுக்கே தெரியாமல் போய்விடும். இன்றைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சீனியர் லூர்து சார் பக்கத்தில் வந்து நின்றார். வெளியில அந்தப் பையன் உன் தம்பிதானேம்மா என்றார். ஆமா சார் என்றேன். நீ போய் அவன்கூட உக்காரு, இதை நான் ஓட்டுறேன். வேணாம் சார், நானே பாக்குறேன். அவர் வற்புறுத்தவில்லை. அவர் மச்சினரின் குழாயை அவர் இதே மெஷினில் சுற்றியிருக்கிறார், எனக்குத் தெரியும், மூன்று வருஷம் ஆகிறது. மெஷின் நின்றது. மூடியைத் திறந்தால் எல்லாக் குழாயிலும் ரத்தம் கீழே போய் மேலே சீரம் தெளிந்திருக்கும், வெளுத்த வைக்கோல் நிறத்தில். வரிசையாக அப்படித்தான் இருந்தன, ஒன்றைத் தவிர. அதில் கருஞ்சிவப்புக்கு மேல் நின்றது கெட்டியான நல்லெண்ணெய் நிறம். நம்பர் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அளக்கும் மெஷினில் சீரத்தை வைத்துவிட்டு, அது நம்பர் கொடுப்பதற்குள், அவனிடம் எடுத்து உறையாதபடி மருந்து கலந்து வைத்திருந்த நீல மூடிக் குழாயை எடுத்தேன். ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்க்கும் பரிசோதனை இது, எங்கள் லேபில் இன்னும் கையால்தான் செய்கிறோம். சின்னக் குழாயை வெந்நீரில் வைத்து, உறைய வைக்கும் மருந்தை விட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஈரல் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று விநாடியில் ஒரு நூல் மாதிரி கட்டி தெரியும். ஈரல்தான் ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கை உண்டாக்குகிறது. ஈரல் படுத்துவிட்டால் ரத்தத்துக்கு நிற்கத் தெரியாது. அழுத்தினேன். எட்டு, ஒன்பது. சாய்த்தேன். தண்ணி மாதிரி ஓடுகிறது. பன்னிரண்டு. இப்போது வரும். பதின்மூன்று. அவன் முதல் தடவை சைக்கிளில் பிடிமானம் இல்லாமல் போனபோது நான் பின்னால் ஓடியது, விட்டுட்டேன்டா, நீயாத்தான் ஓட்டுற என்று கத்தியது. பதினாறு. விழுந்து முழங்காலில் ரத்தம், மண்ணை அள்ளி அப்பினேன், உடனே நின்றுவிட்டது. பத்தொன்பது. நின்றுவிடு. இருபத்திரண்டு. சாய்க்கிறேன், ஓடுகிறது, சாய்க்கிறேன், ஓடுகிறது. அம்மா சாகும்போது சொன்னது ஒரே ஒரு வார்த்தை, பாத்துக்க. பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டு மட்டும்தானே இருந்தேன். இருபத்தெட்டு. நூல் விழுந்தது. இன்னொரு தடவை செய்தேன். இருபத்தொன்பது.

நம்பர்கள் வந்துவிட்டன. ஹோட்டல் தண்ணியால் வருகிற காமாலை எனக்குத் தெரியும். அதில் ஈரலின் இரண்டு நம்பரும் ஆயிரம் இரண்டாயிரம் என்று ஒரேயடியாக ஏறி நிற்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஒரு மாதத்தில் இறங்கி ஆள் பிழைத்துக்கொள்வான். குடியால் வருவது அப்படிக் கூச்சல் போடாது. இரண்டும் முந்நூறுக்குள் அடங்கியிருக்கும், முதல் நம்பர் இரண்டாவதைப்போல இரண்டு பங்கு, மூன்று பங்கு இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு. எழுபத்தெட்டு. ஆயிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன், எந்த அக்காவாவது தம்பிக்கு இப்படி வேண்டுவாளா. பேனாவை எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு ஒன்றும், எழுபத்தெட்டுக்கு முன்னால் ஒரு பதினைந்தும் போட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், மருந்துதான் தப்பாகப் போகும். ஆனால் ரஞ்சனிக்கு அந்தக் காகிதத்தைக் காட்டலாம். அவளுக்குக் கூகுளில் பார்க்கத் தெரியும், பார்த்து நிம்மதியாவாள். பத்தொன்பது நாள். மறுபடி போன் அதிர்ந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

லேபுக்கு வெளியே பெஞ்சில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான், ஒரு மணி நேரம் ஆகிறது, அது இன்னும் நனைந்துகொண்டிருந்தது. புதுப் பஞ்சு வைத்து நான் அழுத்திப் பிடித்தேன். என்னக்கா வந்திருக்கு என்றான். உனக்குத் தெரியாதாடா என்றேன். அவன் எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். வெளியூர் வேலைன்னு போனியே, அங்கயா என்றேன். எல்லா இடத்துலயும்தான்க்கா என்றான். எதிரே ஒரு பெண் தன் குழந்தைக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தி, ரஞ்சனி எனக்கு நாலு தடவை போன் பண்ணிட்டா, நான் எடுக்கல, உனக்குத்தான் பண்ணுவா என்றான். தண்ணியால வந்ததுன்னு சொல்லிடுக்கா. யோசிச்சுப் பாத்தா அது பொய்கூட இல்லையே. சொல்லிவிட்டுச் சிரித்தான். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சின்ன வயசிலிருந்து இப்படித்தான், அடி விழப்போகிற நேரத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான், ஓங்கிய கையை அம்மா இறக்கிவிடுவாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. வந்த சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சத்தியமா விட்டுடுவேன்க்கா. அவ இருந்தா விட்டுடுவேன். எனக்கு நம்பிக்கை இருக்கு என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான், முகத்தில் தெரிந்தது. ஐப்பசியில் செருப்பு மாட்டும்போது நானும் அப்படித்தான் நம்பினேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பிடித்துக் கிணற்றுக்குள் கயிறாக விடப் பார்த்திருக்கிறோம், அவள் ஆள் என்பதையே மறந்துபோய். பஞ்சை அவனையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் அவளுக்கு நானே போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். கல்யாணம் பேசி முடித்ததிலிருந்து அவளுக்கு நான் அண்ணி. பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். அண்ணி, ரிசல்ட் வந்துருச்சா, காமாலைன்னா கீழாநெல்லி கொடுக்கணும்னு அம்மா சொல்றாங்க, பறிச்சு வச்சிருக்கோம் என்றாள். டாக்டர் சொல்வாங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. ரஞ்சனி, ஈரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு, குடியாலம்மா என்றேன். மிக்ஸி சத்தம் நின்றது, அவள்தான் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருப்பாள். இப்ப புதுசாப் பழகினதா அண்ணி. இல்லம்மா, ஏழு வருஷமா. இந்த இல்லம்மாவும் அதே குரலில்தான் வந்தது. எனக்கே கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டாள், அன்னைக்கு அடுக்களையில நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா. தெரியும் என்றேன். நிறுத்தியிருந்தான், நான் நினைச்சேன் என்று மேலே சொல்ல வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். ஏன் சொன்னீங்க என்று கேட்பாள், திட்டுவாள், போனை வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால எங்கம்மா கேட்டப்போ எங்க அத்தையும் இப்படித்தான் சொன்னாங்களாம் என்றாள். எங்க அத்தை ரொம்ப நல்லவங்க அண்ணி. அப்பா போனப்புறம் எங்களுக்கு ஃபீஸ் கட்டினதுகூட அவங்கதான். நீங்களும் நல்லவங்கதான். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அந்தக் குரலில் அது இல்லை. தெரிந்த ஒரு விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொன்னாள். அவர் பிழைச்சுக்குவாரா என்றாள். தெரியலம்மா என்றேன். சரி, நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன், நீங்க யாரையும் அனுப்ப வேணாம் என்றாள். அவள் கடைசியாக அண்ணி என்று சொல்லித்தான் வைத்தாள், பழக்கத்தில் வந்திருக்கும்.

திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிட்டேன்டா என்றேன். அழுதாளா என்றான். அழல. தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான், நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு உடனே சேர்க்கச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று சாயங்காலம் பார்க்கலாம் என்றார். வீல்சேர் வேணாம் நடக்கிறேன் என்றான். என் தோளில் கை போட்டு நடந்தான், அந்தக் கையில் கனமே இல்லை. ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. இரண்டு பக்கத்துக் கட்டில்களிலும் இதே மஞ்சள் கண்கள், இதே வயிறு, தலைமாட்டில் ஒரு அம்மா, ஒரு மனைவி. இரண்டு பேரும் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நர்ஸ் கேஸ் சீட்டோடு வந்து, சட்டென்று நிறுத்தினா கை கால் இழுக்கும், அதுக்கு மருந்து கொடுக்கணும், கடைசியா எப்பக் குடிச்சீங்க என்று அவனைக் கேட்டாள். போன வாரம் என்பான், அதற்கு முந்தின வாரம் என்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். இன்னைக்குக் காலைல, ஆறு மணிக்கு என்றான். அக்காவைப் பாக்கப் போகணுமே, கை நடுங்கக்கூடாதுன்னு குடிச்சேன். இப்பவும் வேணும் போலதான் இருக்கு சிஸ்டர். நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அவன் நேரம் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் குனிந்து அவன் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கால் வீங்கியிருந்தது, வார் பதிந்த தடம் அழுத்திய இடத்திலேயே குழியாக நின்றது. அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.